செடிக்கு எதற்கு நாட்டுச் சர்க்கரை?

மாடித்தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் இப்போது மூடியைத் தளர்த்தி வைத்த பிளாஸ்டிக் ஜாடி ஒன்றாவது இருக்கிறது. உள்ளே நறுக்கிய முருங்கை இலை, அதே எடைக்கு நாட்டுச் சர்க்கரை. வாயில் துணி கட்டி நிழலில் வைத்து, ஏழெட்டு நாள் கழித்து வடிகட்டினால் தேன் நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்து வாரம் ஒருமுறை ஊற்ற வேண்டும் என்கிறார்கள். அதுவரை சரி. "இதைக் கொடுத்தால் வேறு உரமே வேண்டாம்" என்று கூடவே சொல்லிக்கொடுக்கிறார்களே, அங்கேதான் எனக்கு வழக்கு.

இந்தச் செய்முறை நம் பாட்டிமார் விட்டுப்போனதல்ல. கொரியாவைச் சேர்ந்த சோ ஹான் கியு என்ற வேளாண் அறிஞர் உருவாக்கிய இயற்கை வேளாண்மை முறையின் ஓர் அங்கம். அவர் மருக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியையும், மூங்கில் குருத்தையும், வேகமாக வளரும் பிற இளந்தளிர்களையும் சூரியன் எழுமுன் பறித்து, பழுப்புச் சர்க்கரையில் புதைத்துச் சாறு எடுத்தார். ஹவாய் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கத் துறை இதைக் கையேடாகவே வெளியிட்டிருக்கிறது. ஆனால் சோவின் வயலில் இந்தச் சாறு தனியாக நிற்கவில்லை. காட்டு மண்ணிலிருந்து எடுத்துப் பெருக்கிய நுண்ணுயிர்கள், தவிடு, வைக்கோல் மூடாக்கு, மீன் கழிவிலிருந்து எடுத்த கரைசல் என்று ஒரு பெரிய ஏற்பாடு அது. நாம் அதிலிருந்து ஜாடியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

ஜாடிக்குள் நடப்பது அழகான வேலைதான், மறுக்கவில்லை. அத்தனை சர்க்கரை சூழ்ந்ததும் இலையின் செல்கள் தங்கள் நீரை வெளியே விட்டுவிடுகின்றன. மாலையில் அழுத்தி வைத்த இலை காலையில் பாதியாக அமுங்கியிருக்கும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புச் சாறு நிற்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் ஓரமாகக் குமிழ் விடும். இலையோடு வந்த ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிட்டன என்று பொருள். முதலில் பச்சிலை வாடை, பிறகு கனிந்த பழத்தின் வாடை, கடைசியில் இலேசான கள் வாடை. அமிலம் கூடக்கூடக் கெடுக்கும் கிருமிகள் அடங்கிப்போகும். அதனால்தான் நன்றாக வந்த சாறு மாதக்கணக்கில் கெடுவதில்லை. இலையில் இருக்கும் சாம்பல் சத்து எந்தச் சேர்மத்திலும் இறுகப் பிணையாமல் செல்நீரிலேயே கரைந்திருப்பதால், பெரும்பகுதி சாற்றோடு வந்துவிடும். சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி செல் சுவரிலும் கரையாத உப்பாகவும் கிடப்பதால் சக்கையிலேயே தங்கிவிடும். தழைச்சத்து புரதமாக இருக்கிறது. அதில் ஒரு பகுதி வரும், மீதி வராது.

வரட்டும், முழுவதும் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. நூறு கிராம் பச்சை முருங்கை இலையில் ஏறக்குறைய 6.7 கிராம் புரதம். புரதத்தில் தழைச்சத்து 16 சதவீதம். ஆக, ஒரு கிலோ இலையில் இருக்கும் மொத்தத் தழைச்சத்து சுமார் 10 கிராம். அதிலிருந்து கிடைக்கும் சாறு ஒரு லிட்டருக்கு மேல் இருக்கும். தாராளமாக ஒரே லிட்டர் என்று எடுத்துக்கொண்டால், 2 மில்லி சாற்றில் 20 மில்லிகிராம். இப்போது தக்காளிச் செடிக்கு வாருங்கள். மூன்று கிலோ காய்க்கும் ஒரு செடி தண்டு, இலை, பழம் எல்லாம் சேர்த்து ஏழெட்டு கிராம் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். 20 மில்லிகிராம் வீதம் ஏழரை கிராம் கொடுக்க 375 லிட்டர் ஊற்ற வேண்டும். வாரம் ஒரு லிட்டர் என்றால் ஏழு ஆண்டு. தக்காளிச் செடியின் ஆயுள் நான்கைந்து மாதம்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இலையில் 10 கிராம் இருந்தால் ஜாடியில் போட்டாலும், வாளியில் ஊறவைத்தாலும், மண்ணில் புதைத்தாலும் அதே 10 கிராம்தான். நொதிக்கவைத்தால் சத்து பலமடங்கு பெருகும் என்று சொல்கிறவர்கள், அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று சொல்வதில்லை. நுண்ணுயிர்கள் பெருகும், உண்மை. அவை பெருகத் தேவையான தழைச்சத்தும் அதே இலையிலிருந்துதான் வரவேண்டும்.

சர்க்கரைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் போடுவதில்லை. அந்த 2 மில்லியில் ஒரு கிராமுக்குக் குறையாத சர்க்கரையோ அது மாறிய அமிலமோ இருக்கும். அதாவது ஏறக்குறைய 0.4 கிராம் கரிமம். மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பங்கை எரித்து, சுமார் 0.16 கிராமைத் தங்கள் உடலாக்கிக்கொள்ளும். அவற்றின் உடலில் எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். கணக்குப் போட்டால் 20 மில்லிகிராம். செடிக்கென்று நாம் கொடுத்த அதே 20 மில்லிகிராம்! அந்த நுண்ணுயிர்கள் மடிந்தபின் அதில் ஒரு பகுதி திரும்பிவரும். அதுவரை செடி காத்திருக்க வேண்டும். அளவு சிறியது என்பதால் பெரிய கேடு இல்லை. ஆனால் "சத்து போதவில்லை" என்று லிட்டருக்கு 50 மில்லி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொட்டியில் இலை வெளுப்பதும் எறும்பு புற்று வைப்பதும் தற்செயல் அல்ல.

"ஆனாலும் என் செடி செழிப்பாக இருக்கிறதே, சார்" என்ற பதில் எப்போதும் வரும். செழிப்பாக இருப்பது மெய். காரணம் எது என்பதுதான் கேள்வி. சாறு ஊற்றத் தொடங்கும் அதே வாரத்தில் தொட்டியைக் கிளறுகிறோம், மூடாக்குப் போடுகிறோம், காய்ந்த இலையைக் கிள்ளுகிறோம், தினமும் போய்ப் பார்க்கிறோம். எதனால் பலன் என்று பிரித்துப் பார்க்க, சாறு ஊற்றாத செடி ஒன்று பக்கத்தில் வேண்டும். ஜப்பானின் ஒக்கினாவாவைச் சேர்ந்த தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய இ.எம். நுண்ணுயிர்க் கலவையை ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் இப்படித்தான் சோதித்தார்கள். ஜூரிக் அருகே நான்கு ஆண்டு; ஒரு பக்கம் உயிருள்ள கலவை, மறு பக்கம் சூடேற்றிக் கிருமி நீக்கிய அதே கலவை. விளைச்சலில் நுண்ணுயிரால் வந்த வேறுபாடு என்று சொல்ல எதுவும் இல்லை. கிடைத்த பலன் கலவையோடு சேர்ந்துபோன சத்தால் வந்தது என்று 2010இல் வெளியிட்டார்கள். குளிர் நாட்டு மண், நம் மண்ணுக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. சோதித்த முறை மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும். வீட்டிலேயே செய்யலாம்: நான்கு தொட்டிக்குச் சாறு கலந்த தண்ணீர், நான்கு தொட்டிக்கு வெறும் தண்ணீர், காயை எடைபோட்டு எழுதிவைக்க ஒரு நோட்டு.

உரமாக இல்லாவிட்டாலும் வளர்ச்சி ஊக்கியாக வேலை செய்யுமே என்ற வாதத்தில் கொஞ்சம் பொருள் இருக்கிறது. முருங்கை இலையில் ஸியாட்டின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உண்டு. நிகரகுவாவில் நிக்கோலஸ் ஃபாய்டல் குழுவினர் முருங்கை இலைச் சாற்றைத் தெளித்து நல்ல விளைச்சல் பார்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நம்மூர் செய்திகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது அந்த வேலைதான். ஆனால் அவர்கள் தெளித்தது புதிதாகப் பிழிந்த சாறு. ஒரு வாரம் சர்க்கரையில் புளித்தது அல்ல. ஊக்கி வேண்டுமென்றால் காலையில் ஒரு கைப்பிடி இளந்தளிரை அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்து, வடிகட்டி, நீர்க்கச் செய்து அன்றைக்கே தெளித்துவிடலாம். சர்க்கரை தேவையில்லை.

பஞ்சகவ்யம் இருக்கிறதே என்பார்கள். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் செம்மைப்படுத்திய பஞ்சகவ்யத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்கிறது. இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் அமுதக் கரைசலும் மூலிகைப் பூச்சிவிரட்டியும் செய்து காட்டினார். அவற்றில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் அந்த உழவர்களின் வயலைப் பாருங்கள். ஆட்டுக் கிடை போட்ட மண், தொழு உரம் இட்ட மண், புங்கந்தழையும் எருக்கந்தழையும் மிதித்த நடவு வயல். உணவு மண்ணில் இருந்தது. கரைசல் மேலே தெளித்தது. மாடித்தோட்டத்து வளர்ப்புப் பையில் இருப்பதோ பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு. மட்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம். அது செடிக்குக் கொடுப்பதற்குப் பதில் செடிக்கு வைத்ததை எடுத்துக்கொள்ளும். வயலில் தொடுகறியாக இருந்ததைப் பையில் சோறாக்கப் பார்க்கிறோம். கோளாறு அங்கேதான்.

பழைய ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. சுரபாலரின் 'விருட்சாயுர்வேதம்' சொல்லும் குணபஜலம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழைய நொதித்த உரம். அதன் கைப்பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்து 1990களில் பெறப்பட்டு ஆங்கிலத்தில் வந்தது. அதில் இறைச்சி, கொழுப்பு, எலும்பு மஜ்ஜை எல்லாம் வெந்து ஊறுகின்றன. இறைச்சியில் இருப்பது புரதம், அந்தப் புரதத்தில் இருப்பது தழைச்சத்து. இன்றைக்கு மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் போட்டுச் செய்யும் மீன் அமிலம் செடியைச் சட்டென்று பச்சையாக்குவதும் மீனால்தான், வெல்லத்தால் அல்ல.

ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இலைச் சாற்றில் சர்க்கரை சேர்ப்பதே இல்லை. இங்கிலாந்தில் கம்ஃப்ரே, பிரான்சில் நம் செந்தட்டிபோல் அரிக்கும் நெட்டில். நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு ஒன்றிரண்டு வாரம் விடுவார்கள், அவ்வளவே. பிரான்சில் இதற்கு ஒரு சட்டப் போரே நடந்தது. 2006இல் வந்த வேளாண் சட்டம் அனுமதி பெறாத பயிர்ப் பாதுகாப்புப் பொருள்களைப் பரிந்துரைப்பதையே தடைசெய்ய, நெட்டில் ஊறலும் அதில் மாட்டிக்கொண்டது. தோட்டக்காரர்கள் விடவில்லை, 2011இல் அரசு ஆணை போட்டு அனுமதித்தது.

நம் வீட்டில் இலைக் கரைசல்தான் செய்ய வேண்டும் என்றால் அந்த வழியே போதும். கிளைரிசிடியா, அகத்தி, முருங்கை, விதை பிடிக்காத களை, எது கைக்கு எட்டுகிறதோ அதில் ஒரு கிலோ. பத்து லிட்டர் தண்ணீர். தினமும் குச்சியால் ஒரு கலக்கு. நம் வெயிலுக்கு ஒரு வாரத்தில் நுரை அடங்கிவிடும். ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து, ஈரமண்ணில், வேரடியில், மாலை நேரத்தில் ஊற்றலாம். முருங்கை இலை என்றால் லிட்டருக்கு அதிகபட்சம் 100 மில்லிகிராம் தழைச்சத்து. 500 மடங்கு நீர்க்காமல் 100 மடங்கு நீர்ப்பதால் இது ஐந்து மடங்கு. மாயம் எதுவும் இல்லை. நாற்றம் இருக்கும், சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டோடு சுமுகம் வேண்டுமென்றால் கிளறுவதை மத்தியானத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாற்றத்தைவிடப் பெரிய சங்கதி கொசு. முட்டையிட வரும் கொசுக்களைப் பிடிக்கப் பூச்சியியலாளர்கள் வைக்கும் பொறியில் ஊற்றுவது எது தெரியுமா? புல்லும் வைக்கோலும் ஊறிப் புளித்த தண்ணீர். கியூலெக்ஸ் கொசுவை அது இழுத்து வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் முட்டைப் பொறிகளிலும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மொட்டை மாடியில் திறந்து வைத்த இலை ஊறல் வாளி, கொசுவுக்கு நாம் அனுப்பும் அழைப்பிதழ். வேட்டித் துணியை இரண்டாக மடித்து இழுத்துக் கட்டுங்கள், ஓரத்தில் ஒரு விரல் இடைவெளிகூட இருக்கக் கூடாது. அதற்காகக் காற்றுப் புகாமல் மூடியைத் திருகிவிடவும் வேண்டாம்; உள்ளே சேரும் வாயுவில் பாட்டில் உப்பி வெடிக்கும்.

இன்னும் மூன்று எச்சரிக்கை. சாணம், கோமியம் சேர்ந்த கரைசலைக் கீரைமீது தெளிக்காதீர்கள். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், மண்ணைத் தொட்டு விளையும் உணவுப் பயிருக்குப் பச்சைச் சாணத்தை அறுவடைக்கு 120 நாள் முன்பே இட்டு முடிக்கச் சொல்கின்றன. நம் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். அடுத்தது, ஆடு தின்னாத இலை, பால் வடியும் இலை என்று பார்த்து எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு போட்டுச் செய்வது பூச்சிவிரட்டி. அது உரக் கரைசல் அல்ல. இரண்டையும் ஒரே டிரம்மில் போட்டு "எல்லாத்துக்கும் ஒண்ணு" என்று உண்ணும் கீரைக்கு ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊமத்தையில் இருப்பது மனிதனுக்கும் நஞ்சு. நகரத்து ஏரி ஆகாயத்தாமரையையும் விட்டுவிடுங்கள். சாக்கடையில் கலந்த ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி அது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சிபாரிசு என்ன என்றால், கடலைப் புண்ணாக்கு. அதுவும் செடியிலிருந்து வந்ததே. அதையும் ஊறவைத்து ஊற்றும் பழக்கம் நம்மிடம் பல காலமாக இருக்கிறது. அதில் தழைச்சத்து ஏறக்குறைய 7 சதவீதம், வேப்பம் புண்ணாக்கில் 5 சதவீதம். நூறு கிராம் கடலைப் புண்ணாக்கில் 7 கிராம்: மேலே சொன்ன சர்க்கரைச் சாறு கலந்த 350 லிட்டர் தண்ணீரில் இருப்பது. நாட்டுச் சர்க்கரையில் தழைச்சத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. செடி நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பைக்கு ஒரு கைப்பிடி தூளாக்கி மண்ணோடு கலந்துவிட்டு, பிறகு மாதம் ஒருமுறை 25 கிராம் வேரிலிருந்து சற்றுத் தள்ளிப் புதைத்து மூடினால் போதும். மேலே தூவினால் எலி வரும், அதிகம் போட்டால் இளஞ்செடி வெந்துபோகும். முருங்கை இலையை? நறுக்கி அப்படியே மூடாக்காகப் போட்டு மேலே கொஞ்சம் மண் தள்ளுங்கள். சக்கையில் தங்கிப்போகும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும்.

ஜாடிச் சாறு கடைச்சரக்காகவும் ஆகிவிட்டது. அரை லிட்டர் பாட்டிலில் அழகான சீட்டு ஒட்டி, நுண்ணுயிர் எத்தனை கோடி என்றுகூடப் போடுகிறார்கள். தழை, மணி, சாம்பல் சத்து எத்தனை சதவீதம் என்று மட்டும் போடுவதில்லை. தாவரச் சாறு, கடல்பாசிச் சாறு போன்ற உயிர் ஊக்கிகளை மத்திய அரசு 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டது. வீட்டில் நாமே செய்து நமக்கே ஊற்றிக்கொள்வதை யாரும் கேட்கப் போவதில்லை. காசு கொடுத்து வாங்கும்போது நாம் கேட்க வேண்டும்.

மாடித்தோட்டப் பயிற்சி நடத்தும் தோட்டக்கலைத் துறையினரையும் வேளாண் அறிவியல் நிலையங்களையும் தன்னார்வக் குழுக்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கரைசல் செய்முறைத் தாளில் எத்தனை கிலோ இலை, எத்தனை கிலோ சர்க்கரை என்று அச்சிடும் இடத்துக்குக் கீழே, நீர்த்த ஒரு லிட்டரில் தழைச்சத்து எத்தனை மில்லிகிராம், ஒரு தக்காளிச் செடிக்கு மொத்தம் எத்தனை கிராம் தேவை என்ற இரண்டு எண்களையும் சேர்த்து அச்சிடுங்கள்.

- கட்டுரையாளர், மண்ணியல் பேராசிரியர் (ஓய்வு)